கடைசி எழுத்து

காந்தி ரோடு ஜெராக்ஸ் கடையில்
ஸ்பைரல் போட்டு வாங்கிய புத்தகம்,
இங்கிலீஷ்காரர்களுக்குக் கத்தலான் சொல்லித்தருவது.
ஏழாம் பாடத்தில் ஆசிரியர் ரொம்பவே கெஞ்சுகிறார்:
பயப்படாதீர்கள்,
இந்த மொழியில் நீங்கள் காப்பியை விரும்புவதில்லை,
காப்பிதான் உங்களுக்கு உவக்கிறது,
வாக்கியத்தைத் தலைகீழாக யோசியுங்கள்.
இரண்டு பக்கம். அம்புக்குறிகள். கட்டம் கட்டி ஓர் எச்சரிக்கை.

ராணிப்பேட்டை பஸ்ஸில் நின்றபடி படித்துச் சிரித்தேன்.
மக்ராத. எனக்குப் பிடிக்கும்.
இதில் எது தலைகீழ்?
ஆற்காட்டில் எல்லோருக்கும் மக்கன் பேடா பிடிக்கும்,
யாரும் ஓடிப்போய் அதைப் பிடிப்பதில்லை.
நேராகக் கைகொடுத்திருக்க வேண்டிய இரண்டு பேருக்கு நடுவில்
தரகராய் நின்று
இரண்டு பக்கமும் கமிஷன் வாங்கியிருக்கிறது இங்கிலீஷ்.

ஒரே ஒரு தகராறு, எண்ணிக்கை.
முள்ளுக் கத்தரிக்காய் ஒன்று என்றாலும் பிடிக்கும்,
இலவம்பாடியிலிருந்து மூட்டையாய் வந்து இறங்கினாலும்
அதே பிடிக்கும்.
நம் வினைச்சொல் எண்ணிப் பார்க்காது.
அவர்களுடையது பார்க்கும்.
ஒன்று என்றால் மக்ராத.
பல என்றால் மக்ராதன், கடைசியில் ஒரு ன்.
எதிரே நிற்கும் நீ என்றால்
மக்ராதஸ்.

எங்கள் தோலை வாங்குகிறவள் பெயர் நூரியா.
பெயரைப் பார்த்துவிட்டு
மேல்விஷாரத்துப் பொண்ணா என்றார் இம்தியாஸ் பாய்.
இல்லை பாய், இகுவலாதா.
அங்கேயும் ஆறு, அங்கேயும் தோல் ஷெட்டு,
அங்கேயும் மூக்கைப் பொத்திக்கொண்டு போவார்களாக இருக்கும்.

மே மாதம்.
ஃபேன் சுடுகாற்றையே திருப்பித் திருப்பிக் கொடுத்தது.
கூரியரில் பன்னிரண்டு கலர் துண்டுகள் வந்தன,
ஊறிய புளி, பழைய செம்பு, ரயில்பெட்டிச் சிவப்பு.
பதினொன்று நம் டிரம்மில் வந்துவிடும்.
அந்தச் சாம்பல் பச்சைதான் சந்தேகம்.
கலர்களெல்லாம் எனக்குப் பிடித்திருக்கின்றன என்று
அவள் மொழியிலேயே ஒரு வரி போட்டால் என்ன?
விலை, டெலிவரி தேதி, எஸ்டிமேட்,
அதற்குக் கீழே அந்த வரி,
அதற்கும் கீழே: தனகோட்டி, சாம்பிள் ரூம்.
அனுப்பினேன். டீக்குப் போனேன்.
திரும்பி வந்து பார்த்தால்
ன் இருக்கவேண்டிய இடத்தில்
ஸ்.

இன்னாபா, மூஞ்சி வெளுத்துப் போச்சு என்றார் பாய்.
ஒண்ணுமில்ல பாய், ஒரு எழுத்து.
தோலில் ஏற்றிய சாயத்தை உரிக்கவும் கெமிக்கல் இருக்கிறது.
போன மெயிலுக்கு எதுவும் இல்லை.
அவர்களிடம் காதலிக்கவும் மதிப்புப் போடவும்
ஒரே வினைச்சொல்தான் என்று அன்றிரவு ஒன்பதாம் பாடம் சொன்னது.
எஸ்டிமேட்டை வேறு இணைத்திருந்தேன்.

மூன்றாம் நாள் பதில்.
பதினொன்று ஓகே. பச்சைக்கு அவசரமில்லை.
கடைசியில், மேலே ஒன்றுமே நடக்காததுபோல்,
எம் கௌஸ் பே.
ஏழாம் பாடத்தின் அந்தக் கட்டத்துக்குள்ளேயே இருந்தது:
நண்பர்கள், உடன் வேலை செய்பவர்களிடம் இப்படிச் சொல்லவும்.
சொல்லுக்குச் சொல் பார்த்தால்,
நீ எனக்கு நன்றாக விழுகிறாய்.

எனக்கு உன்னைப் பிடிக்கும்.
எழுதிப் பார்த்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.
எனக்கு, நான்காம் வேற்றுமை.
உன்னை, இரண்டாம் வேற்றுமை.
எழுவாய் எங்கே?
நான் இல்லை, நீ இல்லை,
பிடிக்கும் என்று யாரோ அஃறிணையில் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.
மாட்டிக்கொள்ள ஆளே இல்லாத வாக்கியம்.
இதை அவளுக்கு அனுப்பியிருந்தால்
ஒரு வம்பும் வந்திருக்காது.

அவர்கள் ஊரில் விழுகிறார்கள்.
நாம் பிடிக்கிறோம்.
இடையில் எத்தனை கடல் என்று
பாய்க்குத் தெரியுமா, கேட்கவில்லை.

சாம்பல் பச்சை நான்காவது டிரயலில் கிட்டே வந்தது.
வெயிலில் வைத்துப் பார்த்தேன், டியூப்லைட்டில் பார்த்தேன்.
ஒரே துண்டு, ஆகவே மக்ராத.
கடைசி எழுத்தை
இரண்டு முறை பார்த்துவிட்டு
அனுப்பினேன்.