எழுநூறு கிலோ

கோயில்பிள்ளையின் புது வண்டியில் நானூறு குதிரை.
பணகுடியில் ஏறு, காவல்கிணற்றில்
மூச்சு விடு என்றான்.
நான் வழியெல்லாம் மூச்சு விட்டேன்.
ஏசி போட்ட வரவேற்பறை ஒன்று
இடம் மாறியது, அவ்வளவுதான்.

என்னுடையது எழுநூறு கிலோ.
இரண்டு இருக்கை. கூரையைக் கழற்றிக்
கோழிக் கொட்டகையில் சாத்திவிட்டேன்.
ராதாபுரம் போகிற ஒற்றைத் தார்ச்சாலையில்
உதிர்ந்த வேப்பம்பழத்தை முன்சக்கரம் நசுக்கினால்
ஸ்டியரிங் வந்து கட்டைவிரலிடம் சொல்லும்.
தரை ஒரு சாண் கீழே.
அறுபதிலேயே உடைமரங்கள் சீறிப் பின்வாங்கும்.
அறுபதுக்கு எந்தப் போலீஸ் கை நீட்டும்?

வளைவுக்கு முன் பிரேக்கைத் தொடுவதில்லை.
ஆக்ஸிலரேட்டரிலிருந்து பாதம் லேசாக எழும்,
மூக்கு தானே உள்ளே திரும்பும்.

ஆனி கடைசி. கணவாய்க் காற்று
காற்றாலைகளைச் சுழற்றிய கையோடு
என்னையும் ஒரு முழம்
ஓரத்துச் செம்மண்ணுக்குத் தள்ளியது.
இரண்டு விரலால் திருப்பிவிட்டு
இன்னொரு தரம் என்றேன்.
தள்ளியது.

பின்னாலேயே வந்தவன்
டீக்கடை முன்னால் கதவைத் திறந்தான்,
பறக்கிற வேட்டியை இரு கையாலும் பிடித்துக்கொண்டு
கத்தினான்:
"ஏல, காத்து எப்பம்ல ஆரம்பிச்சுது?"