தொண்ணூற்று மூன்றரை

அலமாரியை நகர்த்தியபோதுதான் தெரிந்தது.
நிழல் என்று நினைத்துக்
கையை ஆட்டிப் பார்த்தேன்.
நிழல் ஆடவில்லை.

ஜெலுத்தோங், ஒன்பதாம் மாடி,
மூன்றாம் எண் வீடு.
வீட்டுக்காரர் ஊய் வாட்சாப்பில் அனுப்பினார்:
சதுர அடிக்கு நாலு வெள்ளி,
முன்பணத்தில் கழித்துக்கொள்வேன்.
கீழே ஒரு கும்பிடும் கை.
எதற்கென்று தெரியவில்லை.

சரி, அளப்போம் என்று நாடாவை எடுத்தேன்.
ரவிக்கைக்கு அளவெடுக்கும் நாடா,
அறுபது அங்குலத்தோடு அதன் உலகம் முடிந்துவிடும்.
முடிந்த இடத்தில் விரலை ஊன்றி
அங்கிருந்து மறுபடி.
விரல் நுனியில் பச்சையும் கறுப்பும் அப்பிக்கொள்ள
நீளம் பதினோரு அடி.
உயரத்துக்கு நாற்காலி வேண்டியிருந்தது:
எட்டரை.

பதினோரெட்டு எண்பத்தெட்டு.
பதினொன்றில் பாதி ஐந்தரை.
தமிழ்ப்பள்ளியை விட்டு முப்பத்தோரு வருஷம்,
வாய்ப்பாடு மட்டும் நாக்கில் காயவே இல்லை.
தொண்ணூற்று மூன்றரை.
நாலால் பெருக்கு:
முந்நூற்று எழுபத்து நாலு.
மின்கட்டணச் சீட்டின் முதுகில் எழுதினேன்.
அதுவும் இன்னும் கட்டாத சீட்டு.

எழுதிய கையோடு துடைப்பத்தை எடுத்தேன்.
நம் மொழியில்
கூட்டினாலும் குப்பை போகும்,
பெருக்கினாலும் குப்பை போகும்.
கழிப்பதை ஊய் பார்த்துக்கொள்கிறார்.
சுவர்தான்
யார் கையும் படாமல்
தானாகப் பெருகிக்கொண்டிருந்தது.

குளோரின் போட்டுத் தேய்த்தேன், ஞாயிற்றுக்கிழமை.
வெள்ளை வெளேரென்று சிரித்தது.
வியாழக்கிழமை, மிளகு தூவியதுபோல் ஏழெட்டுப் புள்ளி.
வெள்ளிக்கிழமை எண்ணுவதை விட்டுவிட்டேன்.

"கட்டித் தொலைச்சிடு" என்றார் புவனேந்திரன்,
இரவு ஷிப்டுக்குக் காலுறையை இழுத்துக்கொண்டே.
உள்ளறையில் கவிஷா இருமினாள்.
அவள் உறிஞ்சும் மருந்து
காலையில் இரண்டு, இரவில் இரண்டு,
மாதம் முப்பது நாள்:
நூற்றிருபது.
இந்தப் பெருக்கலை
யாருக்கு அனுப்புவது, எந்தக் கையைக் கும்பிட்டு?

துணி கொடுக்கப் பத்தாம் மாடிக்குப் போனேன்.
காக் ரோஸ்னி வீட்டுக் கூடத்தில்
சாம்பிராணியையும் மீறி அதே வாடை,
மழையில் மறந்த செருப்பின் வாடை.
கேட்டேன்.
திரைச்சீலையை விலக்கிக் காட்டினாள்.
இரண்டு தடவை பெயிண்ட் அடித்தாளாம், சொந்தக் காசில்.
தன் வீடு மட்டும்தான் அழுக்கு என்று நினைத்து
யாரிடமும் சொல்லவில்லையாம்.

எட்டாம் மாடியில் ஆ சுவான்,
அவர் அங்கே காலண்டர்களை மாட்டியிருந்தார், ஐந்து வருஷத்துக் காலண்டர்கள்.
ஆறாம் மாடியில் சாமிப் படங்கள்.
நாலாம் மாடியில் கதவு திறக்கவில்லை,
ஆனால் கதவிடுக்கில் வாடை வந்து பதில் சொன்னது.
பதினாலு மாடி,
பதினாலு மூன்றாம் எண் வீடு,
பதினாலு வெட்கம்.
உள்ளே ஓடுவது
ஒரே குழாய்.

லிஃப்டில் இறங்கும்போதே போட்டுவிட்டேன்:
முந்நூற்று எழுபத்து நாலைப் பத்தால் ஒரு தடவை,
நாலால் ஒரு தடவை.
ஐயாயிரத்து இருநூற்று முப்பத்தாறு வெள்ளி.
ஒரே ஒரு பூச்சுக்கு.

மேனேஜ்மெண்ட் ஆபீஸ் கீழ்த்தளத்தில்.
அங்கிருந்த பையன் கால்குலேட்டரில் தட்டினான்,
அழித்தான், மறுபடி தட்டினான்.
அதே எண்.
"அக்கவுண்டண்டா?" என்றான்.
தையல்காரி என்றேன்.

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு திரும்பி,
தன் நாற்காலிக்குப் பின்னால் சுவரோடு ஒட்டி நின்ற
இரும்பு அலமாரியைப் பார்த்தான்.
அதன் தலைக்கு மேலேதான்
எங்கள் பதினாலு வீடும்.

ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம்.
நாடா என் தோளில்தான் கிடந்தது.