ஜூலையில் அக்டோபர் பாலம்

ஜூலை மாதத்தில்
அக்டோபர் பாலத்தின் மேல் நிற்கிறேன்.
நிற்கிறேன் என்பது சரியில்லை,
ஒரு முழம் போகிறேன்.
வண்டி விக்குகிறது.
பின்சீட்டில் பதினோரு பல்செட்டுகள்
அட்டைப்பெட்டிக்குள் கடகடவென்று சிரிக்கின்றன.

ஷுப்ராவில் மெழுகில் செதுக்கி, வார்த்து,
நானே மெருகேற்றிய பற்கள்.
தொக்கியில் மூன்று மருத்துவர்கள் காத்திருக்கிறார்கள்.
அதில் ஒருவர் வாசலில்
ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர்,
இரவு மகள் கல்யாணத்தில் நாலு வார்த்தை பேசவேண்டும்,
இப்போதைக்குப் பொக்கை வாய்.

ஃபியட் 128. என்னைவிட ஆறு வயது மூத்தது.
காலையில் சொன்னபடி கேட்கும்.
உச்சிவெயிலில், வண்டிகள் நெருங்கி
வேகம் நடைக்கும் கீழே இறங்கினால்
ஆரம்பித்துவிடும்.
இழுக்கும், விடும், இழுக்கும்.
கிளட்சை மிதித்தால் உறுமல்
விட்டால் துள்ளல்.
யாரும் கேட்காத கேள்விக்கு
ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டே
நகரத்தின் பாதியைக் கடந்திருக்கிறேன்.

உஸ்தா வஹீப் எல்லாவற்றையும் மாற்றிவிட்டார்.
பிளக். பாயிண்ட். ஃபில்டர்.
கண்டன்சரை இரண்டு முறை.
ஒவ்வொன்றுக்கும் ஒரு சிகரெட், ஒரு சத்தியம், ஒரு ரசீது.
அவர் பட்டறை நிழலில் மட்டும்
பால்குடி மறக்காத குழந்தை மாதிரி
முனகாமல் ஓடும் வண்டி.
கல்லைக் கண்டால் நாயைக் காணோம்.
"உங்களுக்குக் கிளட்ச் பழகவில்லை, மேடம் இன்ஷிராஹ்."
பதினாறு வருடமாக ஓட்டுகிறேன்.
இதை அவரிடம் சொல்லவில்லை.
பணத்தை எண்ணிக் கொடுத்தேன்,
பத்து பவுண்டு குறைத்து.

இன்று நதிக்கு நேர் மேலே
ஒரேயடியாக அடங்கிவிட்டது.
பின்னால் ஹாரன். ஹாரனுக்குப் பின்னால் ஹாரன்.
பானெட்டைத் தூக்கினேன்,
அடுப்பு முகத்தில் அறைந்தது.
கீழே நைல்.
அவ்வளவு தண்ணீர்,
ஒரு சொட்டும் கைக்கு எட்டாத ஆழத்தில்.

பக்கத்து மைக்ரோபஸ்ஸிலிருந்து
பயணிகளை அப்படியே விட்டுவிட்டு
ஓட்டுநர் இறங்கி வந்தான். மீசை முளைக்கும் வயது.
என்ன ஆச்சு என்று கேட்கவில்லை.
பெட்ரோல் பம்பின் மேல் துப்பினான்.
சுர்ரென்றது.

"கொதிக்குது. குழாய்க்குள்ளேயே ஆவியாயிடுது.
குடிக்க வாயைத் திறந்தா
இன்ஜினுக்குக் காத்துதான் வருது.
துணி இருக்கா?"

நீதிபதியின் பற்களைச் சுற்றியிருந்த
வெள்ளைத் துணியை உருவிக் கொடுத்தேன்.
தன் குடிதண்ணீர் பாட்டிலை
அதன்மேல் தலைகீழாகக் கவிழ்த்தான்.
பஸ்ஸுக்குள்ளிருந்து ஒருத்தி
அவன் வம்சத்தையே சபித்தாள்.
காய்ச்சல்காரன் நெற்றிக்குப் போடுவதுபோல்
துணியைப் பம்பின் மேல் சுற்றி அழுத்தினான்.

"எவ்வளவு நேரம்?"
"அது ஆறுற வரைக்கும்."

நின்றோம். எங்கள் சட்டைகளும் ஆறவில்லை.
பெயர் கேட்டேன்.
ஷஹாத் என்றான்.
பிச்சைக்காரன் என்று அர்த்தம்.
அவனுக்கு முன் பிறந்தவை தங்கியிருக்காது,
கண்ணேறு படாமலிருக்க
அம்மா வைத்திருப்பாள்.
கையில் காலி பாட்டிலோடு
சாவியைத் திருப்பச் சொன்னான் பிச்சைக்காரன்.

இருமியது.
இன்னொரு தரம் இருமி, பிடித்துக்கொண்டது.
நன்றி சொல்லத் தலையை வெளியே நீட்டியபோது
மைக்ரோபஸ் இரண்டு வண்டிகளுக்கு இடையில்
எப்படியோ நுழைந்து போயிருந்தது.

ஒன்றே கால் மணி நேரம் கழித்துத் தொக்கி.
துணியில்லாமல் வந்த பற்களைக்
குழாயடியில் கழுவி நீட்டினேன்.
நீதிபதி பொருத்திக்கொண்டார்,
கண்ணாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
ஒரே வார்த்தை சொன்னார்:
"தாமதம்."

ஓர் எழுத்தும் ஒழுகவில்லை.
நல்ல பல்.