மங்கையர்க்

என் பேர் மங்கையர்க்கரசி.
சிம்மக்கல் சர்வீஸ் சென்டர் கம்ப்யூட்டரில்
பேருக்கென்று விட்ட கட்டம் சின்னது.
ரசீதில் நான்
மங்கையர்க்.
அரசி கண்ணாடிக் கதவுக்கு வெளியே
வெயிலில் நிற்கிறாள்.

மிக்ஸியின் நடு ஜார் ஒழுகுகிறது.
தேங்காய்ச் சட்னி அரைத்தால்
மேடையில் வெள்ளைக் குளம்,
ஜாருக்குள் மிஞ்சுவது துவையல்.
வேண்டியது ஒரு வாஷர்.
கறுப்பு ரப்பர் வளையம்.
அதிகம் போனால் முப்பது ரூபாய்.

"செவ்வாக்கெழம வாங்கக்கா"
என்றான் கல்லாவில் இருந்த பையன்.
எந்தச் செவ்வாய் என்று அவன் சொல்லவில்லை.
நான் கேட்கவுமில்லை, அது என் தப்பு.

முதல் செவ்வாய்
சரக்கு மாட்டுத்தாவணியில் இறங்கிவிட்டதாம்,
இங்கிட்டு வந்து சேரலையாம்.
வளையம்தானே,
உருண்டே வந்திருக்கலாம்.

அடுத்த செவ்வாய்
மெக்கானிக் எதிர்சேவைக்குப் போய்விட்டார்.
அழகர் வருகிற நாளில்
யாரை என்ன சொல்ல?
சேவை மையத்தில் சேவை இல்லை,
எதிர்சேவை இருக்கிறது
என்று எனக்கு நானே சொல்லிச் சிரித்தேன்.
பக்கத்தில் சேர்த்துச் சிரிக்க ஆளில்லை.

பைக்காராவிலிருந்து பஸ் இலவசம்.
பூஜ்ய ரூபாய்க்கு டிக்கெட் கிழித்துத் தருகிறார் கண்டக்டர்.
ஆகவே செலவு கோபம் மட்டும்தான்.
அதையும் வழியெல்லாம் தீட்டிக்கொண்டே வருவேன்:
"என்னதாங்க நெனச்சுக்கிட்டு இருக்கீங்க?"
பழங்காநத்தத்தில் அது நல்ல கூர்.
பெரியார் நிலையம் வருவதற்குள் கொஞ்சம் மழுங்கும்.
ஏசிக் காற்று முகத்தில் பட்டதும்
"தம்பி" என்றுதான் வாயில் வருகிறது.

இது பெரிய துக்கமில்லை, தெரியும்.
பேப்பரில் வருகிற துக்கமெல்லாம் வேறு.
இது செருப்புக்குள் ஒரு மணல்.
மருந்துக்கடைக்காரர் சில்லறைக்குப் பதில் தந்த மிட்டாய்
அஞ்சறைப்பெட்டி ஓரத்தில் ஒன்பது கிடக்கிறது.
ஒருநாள் அதையே அவரிடம் நீட்டினேன்.
"காசா குடுங்கம்மா" என்றார்.
பார்சல் பரோட்டாவில் சால்னா இல்லாத ராத்திரி
ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு என் வீட்டுக்காரர் பொன்னுத்துரை
"விடு" என்றார்.
அவர் எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொல்வார்.
விட்டு விட்டுத்தான்
கையில் ஒன்றுமே நிற்கவில்லை.

மூன்றாம் செவ்வாய் கல்லாவில் வேறு பெண்.
"பேரு?"
ரசீதைக் காட்டினேன்.
"மங்கையர்க்…கா?"
"ஆமா" என்றேன்.
அன்றைக்கு அதற்கு மேல் சண்டை போடத் தெம்பில்லை.

நான்காவதில் ஜார் கைக்கு வந்தது.
ஒழுகவில்லை.
வீட்டுக்கு வந்து பார்த்தால்
மூடி என்னுடையது இல்லை.
என்னுடையதில் ஓரத்தில் ஒரு சூட்டு வடு,
அடுப்பில் நான் வைத்தது.
இது மஞ்சள் ஏறிய மூடி,
உட்பக்கம் நகப்பூச்சில் சிவப்பாக
ஜெ.

அதற்குள் போன்.
எங்கள் சேவைக்கு
ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் தருக.
ஒன்றை அழுத்தினேன்,
விரல் நுனி வெளுக்கும்படி.
"தமிழைத் தேர்ந்தெடுத்தமைக்கு நன்றி" என்றது.

மூடி சரியாகப் பொருந்தவில்லை.
உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே அரைக்கிறேன்.
ஜார் அதிர, கை அதிர, வளையல் அதிர
நினைத்துக்கொள்கிறேன்:
ஆனையூரிலோ வில்லாபுரத்திலோ
ஒரு ஜெயக்கொடி, ஒரு ஜெசிந்தா, ஒரு ஜெய்னம்பு
இந்நேரம் என் மூடியை
இப்படித்தான் அமுக்கிப் பிடித்திருப்பாள்.
சூட்டு வடு அவள் உள்ளங்கையில் உறுத்தும்.
எவளோ கவனமில்லாதவள் என்று
என்னைத் திட்டியிருப்பாள்.
நியாயம்தான்.

வருகிற செவ்வாய் போகிறேன்.
சண்டைக்கு இல்லை என்று சொல்ல மாட்டேன்.
ஆனாலும் அந்த பிளாஸ்டிக் நாற்காலி வரிசையில்
மடியில் மூடியோடு யாராவது இருந்தால்
முதலில் அவள் ரசீதை வாங்கிப் பார்க்கவேண்டும்,
அவளை எந்த எழுத்தில் வெட்டியிருக்கிறார்கள் என்று.

சட்னி நன்றாகவே அரைந்தது.
உப்புப் போட மறந்துவிட்டேன்.