ரசீது எண்

சிம்மக்கல் கிளையில் மூன்றாவது கவுண்டர் என்னுடையது.
தராசு, உரைகல், அமிலக் குப்பி,
காகிதம் தீர்ந்தால் கீச்சிடும் இயந்திரம்.
நகை உள்ளே வரும், எண் வெளியே போகும்.

பத்து இலக்கத்தைப் பார்த்தால்
உடைக்காமல் விட முடியாது என்னால்.
சிலர் நகம் கடிக்கிறார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, பதினொன்றரை மணி.
செக்கானூரணி ஒச்சம்மாளின்
இரண்டே முக்கால் பவுன் சங்கிலிக்கு
இயந்திரம் துப்பியது:
6469693230.

கடைசியில் சைபர். இரண்டும் ஐந்தும் உள்ளே இருக்கின்றன.
இலக்கங்களைக் கூட்டினால் நாற்பத்தெட்டு. மூன்றும் இருக்கிறது.
ஏழால் வகுத்தேன், மிச்சமில்லை.
பதினொன்று, மிச்சமில்லை.
பதிமூன்றும் போனபோது பேனா நின்றுவிட்டது.
"என்ன தாயி, தங்கம் மட்டமா?"
"இல்லம்மா, சுத்தம்" என்றேன்,
எதைச் சொன்னேன் என்று எனக்கே தெரியாமல்.

பதினேழு. பத்தொன்பது.
கையில் நின்றது 667.
அது இருபத்துமூன்றும் இருபத்தொன்பதும் என்பது
பார்த்ததுமே தெரியும்.
முதல் பத்துப் பகா எண்களும் ஒரே பந்தியில்!
ஆளுக்கு ஓர் இலை,
ஒருவரும் இரண்டாம் முறை உட்காரவில்லை.
அதனால் நாலுக்கு வளையாது, ஒன்பதுக்கும் வளையாது.
ஆனால் காரணிகள் ஆயிரத்து இருபத்துநான்கு.
தெப்பக்குளத்துக்கு அழைத்துப் போனால்
நாலு கரையிலும் சரிசமமாக உட்காரும்,
கரைக்கு இருநூற்று ஐம்பத்தாறு.

முப்பத்தொன்றையும் கூப்பிட்டுப் பார்த்தேன்.
பத்தொன்பதை மிச்சம் வைத்துவிட்டு
எழுந்து போய்விட்டது.

அடுத்து சிக்கந்தர், வெல்டிங் பட்டறை,
தீப்பொறி பட்ட சட்டை, ஒற்றை மோதிரம்.
அதே எண், கடைசியில் மட்டும் ஒன்று.
பத்துப் பேரையும் திரும்ப அனுப்பினேன்.
ஒவ்வொருவரும் அந்த ஒன்றையே
மிச்சமாகத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.
ஆகா, பகா எண் என்று
அவர் ரசீதில் சிவப்பு மையால் வட்டம் போட்டுக் கொடுத்தேன்.

அன்றிரவு விளாங்குடியில் மின்சாரம் இல்லை.
செல்போன் வெளிச்சத்தில் முப்பத்தொன்றில் தொடங்கி
ஐம்பத்தாறு பகா எண்கள் கைவிரித்த பிறகு,
331 வந்தது.
எந்தச் சத்தமும் இல்லாமல்
மூன்று துண்டாகிவிட்டது அந்த எண்.
வட்டம் போட்ட ரசீது
எங்கோ ஒரு சட்டைப் பையில் தூங்கிக்கொண்டிருந்தது.

நாலு மாதம் கழித்து மோதிரத்தை மீட்க வந்தார்.
கசங்கிய தாளை நீட்டி, தணிந்த குரலில்:
"இந்த வட்டத்துக்குத் தனியா வட்டி உண்டாம்மா?
வீட்ல அதே பேச்சா இருக்கு."

"என் தப்பு சார்" என்றேன்.
வட்டத்தை அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதினேன்,
331, 571, 34231.

மோதிரத்தை விரலில் திருகியபடி
குனிந்து படித்தார்.
"இது யார் யார் பாக்கி?"

ஒச்சம்மாள் இன்னும் வரவில்லை.