பதினேழு

"தியுப்" என்றாள் மிஸ்ஸி சல்மா.
அட்டைக் குழாயை உதட்டில் வைத்து
மூச்சு தீரும்வரை ஊதினேன்.
பெட்டியில் பதினேழு என்று வந்தது.

என் வயசு இதுக்கு எப்படித் தெரியும் என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
உன் வயசு இல்லை தம்பி,
மோட்டார் புகைக்குழாயில் வருமே, அந்தக் காற்று.
அது உன் நெஞ்சுக்குள் இவ்வளவு.

கோலக்கெட்டில் கிளினிக்கில் வியாழக்கிழமை
சர்க்கரைக்காரர்கள் வரிசை.
பள்ளிச் சீருடையில் நான் ஒருத்தன்தான்.
கட்டொழுங்கு ஆசிரியர் இந்தமுறை
பிரம்பை எடுக்காமல் கடிதம் எழுதிவிட்டார்.
பிரம்பென்றால் அன்றைக்கே முடிந்திருக்கும்.

தொடங்கியதில் பெரிய கதை ஒன்றுமில்லை.
செம்பனை ஆலைக்குப் பின்னால் பந்துத் திடல்.
ரதீஸ்வரன் பாதி இழுத்துவிட்டு நீட்டினான்.
வாந்தி எடுத்தேன்.
மறுநாளும் போனேன்,
வாந்தி எடுத்த அதே இடத்துக்கு.

தவ்கே கடையில் ஒத்தையாகக் கிடைக்கும்.
வயசு கேட்கமாட்டார்.
சில்லறை இருக்கா என்றுதான் கேட்பார்.

நிறுத்திய மூன்றாம் நாளைப் பற்றி
யாரும் எனக்குச் சொல்லவில்லை.
காற்றாடி சுற்றும் சத்தத்தோடு சண்டை.
அம்மா வெங்காயம் நறுக்குவதோடு சண்டை.
பாடத்தின் நடுவில்
கை தன்பாட்டுக்கு எதையோ தேடியது.
எட்டுப் பேனா மூடிகளைக் கடித்துத் துப்பினேன்.

அடுத்த வியாழன் ஒன்பது.
அதற்கடுத்த வியாழன் ஐந்து.
பிறகு கூலிம் பையன்களோடு ஆட்டம்.
கடைசிப் பெனால்டி என் காலில்.
பந்து கம்பத்துக்கு மேலே, கால்வாய்க்கு அப்பாலே.
ரதீஸ்வரன் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை,
பாக்கெட்டைத் திறந்தான்.

பதினான்கு.
மிஸ்ஸி முகத்தைப் பார்த்தேன்.
திட்டியிருந்தால் வசதியாக இருந்திருக்கும்.
பதினான்கு என்று எழுதி
அடியில் அடுத்த வியாழன் தேதியைப் போட்டாள்.
அவ்வளவுதான்.

ஆறாவது வாரம் இரண்டு வந்தது.
அன்றைக்கு யுகேந்திரனும் கூட வந்திருந்தான்,
ரொட்டி சானாய் வாங்கித் தருகிறேன் என்றதால்.
எனக்கும் மிஸ்ஸி, எனக்கும் என்று குதித்தான்.
புதுக் குழாய் மாட்டினாள்.
கன்னம் உப்ப ஊதினான்.

எட்டு.

அவன் வயசு பதிமூன்று.
பெட்டி வயசையெல்லாம் பார்ப்பதில்லை.

நான் நிறுத்தியபோது ஏழு மிச்சம்.
எறியவில்லை.
மின்சார மீட்டர் பெட்டிக்குள் விட்டு வைத்தேன்,
இருந்தும் தொடவில்லை என்று
எனக்கே காட்டிக்கொள்ள.
கூலிமில் தோற்ற இரவுகூடத் தொடவில்லை என்று
பெருமை வேறு.

திரும்பும்போது என் இடுப்பைப் பிடித்திருந்தான்.
பழம் ஏற்றிய லாரி ஒன்று
முன்னால் சிந்திக்கொண்டே போனது.
எத்தனை இருக்கு என்றேன், திரும்பாமல்.
காற்றில் கேட்கவில்லை போல.
பாலத்துக்கருகே வண்டியை நிறுத்தி
மறுபடி கேட்டேன்.
"ஒண்ணுண்ணே."

ஏன் எடுத்தாய் என்று கேட்க வாய் வரவில்லை.
சட்டைப் பையில் அசாம்போய் இருந்தது,
என் கைக்கு வேலை கொடுக்க வாங்கியது.
அவனுக்கு ஒன்று, எனக்கு ஒன்று.
புளிப்பில் இருவருக்கும் கண் சுருங்கியது.

மிஸ்ஸி இப்போது இரண்டு அட்டை வைத்திருக்கிறாள்.
அந்த ஒன்று இன்னும் மீட்டர் பெட்டிக்குள்தான்.
அவன் எறியட்டும் என்று நானும்
அண்ணன் எறியட்டும் என்று அவனும்.
இன்றைக்குச் செவ்வாய்.