ஒரு சாண் தள்ளி

முதல் சூட்டில் வெந்து வந்த கிண்ணத்தை
நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பேன்.
ஒட்டி இழுத்தால் சரி,
கிளேஸைக் குடிக்கும் தாகம் இருக்கிறது அதற்கு.
ரத்த வங்கியில் வேலை பார்க்கிறவள்
செய்கிற காரியமா கெசியா இது
என்று சிரிப்பான் தமீம்.

சத்துவாச்சாரி மாடியில்
தண்ணீர்த் தொட்டிக்கும் கொடிக்கயிற்றுக்கும் நடுவே
தகரக் கூரை போட்டு எங்கள் சூளை.
பாதிப் பணம் என்னுடையது, பாதி அவனுடையது.
கரண்ட் பில் மட்டும் வீட்டுக்காரர் பெயரில் வருகிறது,
அவர் முகத்தைத்தான் பார்க்க முடிவதில்லை.

வாளியில் இருப்பது சாம்பல் நிறக் குழம்பு.
மூடியில் 'நீலம்' என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.
மணலைப் பார்த்துப் பாலாறு என்று
சொல்லிப் பழகிய ஊருக்கு
இதை நம்புவதா கஷ்டம்?

மூன்று எண்ணும்வரை முக்கு.
இரண்டில் எடுத்தால் எலும்பு தெரியும்,
நாலுக்குப் போனால் சூட்டில் வழிந்து
தட்டோடு ஒட்டிக்கொண்டு
உளி வைத்துப் பெயர்க்க வேண்டும்.
எண்ணுகிறபோது என்னிடம் பேசாதே
என்று சொல்லியிருக்கிறேன்.
பேசுவான்.

கிறிஸ்துமஸுக்கு வாங்கி மிஞ்சிய மெழுகுவர்த்திகளை
உருக்கிப் புள்ளி வைப்பேன்.
மெழுகு தொட்ட இடத்தில் கிளேஸ் உட்காராது,
தாமரை இலைத் தண்ணீராய் உருண்டு விலகும்.
மெழுகு சூளையில் காணாமல் போகும்,
புள்ளி மட்டும் மண்ணாகவே நிற்கும்.
அவனுக்குச் சுரண்டல் வேலை பிடிக்கும்:
கறுப்புப் பூச்சு அரைகுறையாய்க் காய்ந்ததும்
ஊசியால் கீறி மீன் வரைவான்.
ஊசி நான் கொடுத்தது.
காலாவதியானது, உறை பிரிக்காதது,
பயப்பட வேண்டாம்.

எனக்கு வேண்டியிருந்தது வெள்ளை.
கோடு இல்லாத, புள்ளி இல்லாத,
ஆடை படிந்த பால் மாதிரி வெள்ளை.
ஷிப்டு முழுக்கச் சிவப்பையே பார்க்கிறவள்
வேறெந்த நிறத்தைக் கேட்பாள்?
வெள்ளீயத் தூளை நகைத் தராசில் நிறுத்தேன்,
விலையும் நகைக்கடை விலைதான்.

தமீமுக்கு மேல்விஷாரத்தில் வேலை,
ஈரநீலத் தோலைத் தரம் பிரிப்பது.
பகலெல்லாம் குரோமியத்தில் கிடந்துவிட்டு
ராத்திரியும் அதையே கரைத்து
முகமூடிக்குள்ளிருந்து
பச்சை, பச்சை என்கிறான்.
அது வேற குரோம், இது கடையில வாங்கினது
என்று சத்தியம் வேறு.

என் கிண்ணமும் அவன் குவளையும் ஒரே தட்டில்.
உருகும்போது ஒட்டிக்கொள்ளக் கூடாதென்று
ஒரு சாண் தள்ளியே வைத்தோம்.
ஆயிரத்து இருநூற்றி இருபது டிகிரியில்
கூம்பு தலை சாய்த்தது.
அணைத்துவிட்டு இறங்கிப் போனோம்.
கத்திரி வெயிலில் எந்தச் சூளை ஆறும்?
ஒன்றரை நாள்.

திறந்தபோது டிங், டிங் என்று
உள்ளே யாரோ காசு எண்ணுவது போல.
என் கிண்ணம் சிவந்திருந்தது.
முழுக்க இல்லை.
அவன் குவளையைப் பார்த்த பக்கம் மட்டும்
வெந்நீரில் குளித்த கன்னம் மாதிரி.
மறுபக்கம் நான் கேட்ட அதே வெள்ளை.

குரோம் சூட்டில் ஆவியாகும்,
வெள்ளீயத்தில் போய்ப் படிந்தால் சிவக்கும்.
படித்திருக்கிறேன், ஆனாலும் கத்தினேன்.
தொடவே இல்லையே கெசியா
என்று சூடான தட்டின் மேல் கை விரித்து
மறுபடி அளந்து காட்டினான்.
கட்டை விரலிலிருந்து சுண்டு விரல்வரை
சரியாக ஒரு சாண்.

அவன் குவளைக்கு ஒன்றும் ஆகவில்லை.
பச்சை பச்சையாகவே இருந்தது.
எனக்குக் கோபமே அதில்தான்.

அடுத்த சூட்டுக்குச் சீட்டு எழுதினோம்.
கீழ்த்தட்டு: பச்சை, தனியாக.
அடுத்த வாரம், வேறு சூடு: வெள்ளை.
கையெழுத்துக்கூடப் போட்டான்.
அவன் தண்ணீர் குடிக்கப் போனபோது
ஒரு வெள்ளைச் சோதனைச் சில்லைச்
சீட்டில் ஏற்றாமல்
அவன் குவளைப் பக்கம் வைத்தேன்,
அரைச் சாணில்.